டவர் செத்தால் எண்ணூர் எப்படிப் பேசும்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கரையேறாமல் சென்னைக்கு அருகே கடலில் நின்று கொட்டித் தீர்த்தது. வடசென்னையில் முதலில் போனது கரன்ட். அடுத்துப் போனது சிக்னல். செல்போன் டவரின் அடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் உள்ளவரை தாங்கும். தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசல் கேனை யார் தூக்கிக்கொண்டு போவது? பல இடங்களில் டவர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. போனில் சார்ஜ் இருந்தது. நான்கு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்கத்தான் வழி இல்லை.

இந்த ஊருக்கு இது முதல் தடவை அல்ல. 2015 வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் டவரை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசுகிறோம். நியாயமான பேச்சு. ஆனால் டவரே இல்லாமல் பேசும் ஏற்பாடு ஒன்று இருபது ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. ‘மெஷ் நெட்வொர்க்’ என்று அதற்குப் பெயர். சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் அது அன்றாடம் ஓடுகிறது. இந்தியாவிலேயே மலையிலும் நடுக்கடலிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையான கரையில் அதை நிறுவினால் எது தாங்கும், எது தாங்காது?

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போது எர்ணாவூர்க் கரையில் நடந்த வேலையை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு மெஷ்ஷைப் புரியவைப்பது எளிது. பாறைகளின் மேல் ஆட்கள் வரிசையாக நின்று கறுப்புக் கசடு நிறைந்த வாளியைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ஒருவர் களைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டியும் அப்படி ஓர் ஆள். ‘நோடு’ என்பார்கள். தனக்கு வந்ததைப் பக்கத்து நோடுக்குத் தள்ளிவிடும். ஒரு நோடு செத்தால் மற்றவை தாமே வேறு வழி கண்டுபிடிக்கும். நடுவில் ஒரு தலைமைக் கோபுரம் இல்லை. அதனால் வெட்டி வீழ்த்தவும் தலை இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ரேடியோ உள்ள நோடு, கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே சானலில் செய்தாக வேண்டும். ஆகவே ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நான்கு தாவல் தாண்டினால் வீடியோவை மறந்துவிடலாம். இதனால்தான் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நோடுகளில் இரண்டு, மூன்று ரேடியோ வைக்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

இரும்புச் சந்துகள்

சென்னைத் துறைமுகம் 1983-லேயே கன்டெய்னர் முனையம் கண்டது. இன்று அங்கும், வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கன்டெய்னர் யார்டுகள் இருக்கின்றன. ரேடியோக்காரருக்கு யார்டு ஒரு கெட்ட கனவு. சாதாரணக் கன்டெய்னரின் உயரம் 2.59 மீட்டர். ஐந்து அடுக்கினால் பதின்மூன்று மீட்டர் இரும்புச் சுவர். அலை அதை ஊடுருவாது. மோதித் திரும்பி, பத்துத் திசையிலிருந்து எதிரொலியாக வந்து குழப்பும். அந்தச் சுவராவது ஒரே இடத்தில் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. காலையில் இருந்த சந்து மாலையில் அடைபட்டிருக்கும். கிரேனும் நகர்கிறது, டிரெய்லரும் நகர்கிறது.

கிரேன் ஆபரேட்டர் முன்னால் உள்ள திரையில்தான் அடுத்து எந்தப் பெட்டியைத் தூக்கி எந்த லாரியில் வைப்பது என்று வரும். அந்த இணைப்பு அறுந்தால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் வரிசை நிற்கும். அந்த வரிசையின் வால் எண்ணூர் விரைவுச் சாலையில் எவ்வளவு தூரம் நீளும் என்பதைத் திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நகரும் யந்திரங்களையே நோடாக்கிவிடும் உத்தி பிறந்தது. கிரேனின் உச்சியில் ஒரு நோடு, வண்டிக் கூரையில் ஒரு நோடு. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பல நோடுகளோடு தொடர்பு வைத்திருக்கும், ஒன்று மறைந்தால் மற்றொன்று கைகொடுக்கும். அமெரிக்காவின் ரஜான்ட் நிறுவனம் 2001 இரட்டைக் கோபுரத் தாக்குதலில் மீட்புப் படையினரின் தொடர்புகள் குலைந்ததைக் கண்டு இதில் இறங்கியது. இன்று அதன் பெரிய வாடிக்கையாளர்கள் சுரங்கங்கள். ரயிலிலும் துறைமுகத்திலும் பெயரெடுத்த ஃப்ளூயிட்மெஷ் நிறுவனத்தை 2020-ல் சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

உயரமான இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை இங்கே அடி வாங்கும். அதிக ஆற்றல் கொண்ட குச்சி ஆன்டெனா எல்லாத் திசைக்கும் அலையைப் பரப்பும். ஆனால் தோசைக்கல் கனத்துக்குத் தட்டையாக. நாற்பது மீட்டர் உயரத்தில் அதை மாட்டினால், தொலைவில் உள்ள நோடு பளிச்சென்று கேட்கும், நேர் கீழே நிற்கும் லாரி கேட்காது.

உப்பு பார்க்காத எண்

எதையும் தாங்கும் ‘ரக்கட்’ ரகம் என்று விற்கும் பெட்டிகளின் மேல் பெருமையாக ஐ.பி. 67 என்று அச்சடித்திருப்பார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி துளியும் நுழையாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. அந்த எண் உப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உப்புப் பனிச் சோதனை தனி. அதற்குத் தனிச் சான்று. காசிமேட்டிலோ தாழங்குப்பத்திலோ பெட்டி மாட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய தாள் அதுதான். பெரும்பாலோர் கேட்பதில்லை.

கடற்கரையில் பெட்டி சாகும் விதம் மெதுவானது. அலுமினியப் பெட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி; கரைவது அலுமினியம். போல்ட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நைலான் வாஷர் போடுவது சில ரூபாய்ச் செலவு. கிளாம்பும் போல்ட்டும் 316 தர ஸ்டீலாக இருக்க வேண்டும். கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் 304 உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு பூக்கும்.

தண்ணீர் பெட்டியின் உடம்பு வழியாக நுழைவதில்லை. ஆன்டெனா கனெக்டர் வழியாகத்தான் நுழைகிறது. நுழைந்த ஈரத்தை கோஆக்ஸ் கேபிளின் பின்னல் கம்பி உறிஞ்சி மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துவிடும். சிக்னல் வாரத்துக்கு வாரம் மங்கும். காரணம் யாருக்கும் பிடிபடாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே வெயில் தாங்கும் டேப் சுற்றுவது பழைய வைத்தியம். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் சொருகினால் வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். நுழைவாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும்.

எண்ணூருக்கு உப்பு மட்டும் போதாது, சாம்பலும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்து வீடுகள் மூச்சுவிட்டன, கரி வடக்கே போனது. வட சென்னை அனல் மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் அங்கேதான். சோலார் பலகையின் மேல் சாம்பல் படிந்து, அதிகாலைப் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்தால் கரடுதட்டிப்போகும். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. பாடப்புத்தகக் கணக்குப்படி பலகையை அந்தச் சாய்வில் தெற்கு பார்த்து வைக்கலாம். இங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ப்பதே நல்லது: சில சதவீதம் மின்சாரம் குறைந்தாலும் மழை பலகையைக் கழுவிவிடும்.

மின்சாரக் கணக்கு மிக எளிது. அதைப் போடாமல்தான் பல திட்டங்கள் படுக்கின்றன. 8 வாட் இழுக்கும் நோடு ஒரு நாளைக்கு 192 வாட்-மணி தின்னும். புயல் என்றால் மூன்று நாள் வெயில் கிடையாது என்று வைத்தால் 576. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும், பாதிகூட வடியாது. பெரிய பேட்டரிதான், விலையும் அதிகம். ஆனால் புயலுக்காக வைத்த வலை புயலன்று இரண்டாம் நாளே அணைந்தால் அதை வைத்ததில் என்ன பயன்?

இடிக்கு எர்த்திங். இந்தக் கரையில் மண் ஈரமும் உப்புமாக இருப்பதால், கரியும் உப்பும் போட்ட குழி இல்லாமலே மின்தடை குறைவாகத்தான் காட்டும். அதே உப்பு இரும்புப் பட்டையை அரித்துவிடும் என்பதால் செம்பு பூசிய ராடு வேண்டும். ஆண்டுக்கொருமுறை அளந்தும் பார்க்க வேண்டும். நெட்வொர்க் கேபிளின் இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும். மேலே மட்டும் வைத்தால் கீழே உள்ள ஸ்விட்ச் போய்விடும்.

இன்னொன்று சர்வே எடுக்கும் நாள். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவழியில் கண் பார்வைக் கோட்டைச் சுற்றி மூன்றரை மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான இடம் காலியாக இருக்க வேண்டும். கோடு மட்டும் தெரிந்தால் போதாது. விரைவுச் சாலையைக் குறுக்கே கடக்கும் இணைப்பை ஞாயிற்றுக்கிழமை காலை அளந்தால் அருமையாகத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் மூக்கோடு வால் ஒட்டி நிற்கும் நாளில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

தேனி சொன்னது

உப்பையும் இடியையும் சமாளித்துவிட்டால், சட்டம் பெரிய தடையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையையும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையையும் மத்திய அரசு 2005-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி வந்தது. 2021-ல் 867 என்பது 868 ஆனது. திறன் வரம்பைத் தாண்டக் கூடாது, சாதனத்துக்கு வகைச் சான்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய லோரா கருவி (குறைந்த ஆற்றலில் நீண்டதூரம் பேசும் ரேடியோ) அமெரிக்காவின் 915 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அது இங்கே குற்றம். அந்த இடத்தில் செல்போன் கம்பெனிகள் பணம் கட்டி உட்கார்ந்திருக்கின்றன. சாட்டிலைட் போனோ அரசு அனுமதி இல்லாமல் கையில் வைத்திருக்கவே முடியாது. ஹாம் ரேடியோவுக்குத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ வழியாகவே அந்தமான் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்கள் என்பதை மறக்க முடியாது. ஆனால் ஒரு குப்பம் முழுக்க ஹாம் உரிமம் வாங்கிவிடாது.

2005-ல் வெளிப்புற வைஃபைக்குக் கதவு திறந்த கையோடு, இமாசலத்தின் தர்மசாலாவில் திபெத்திய அகதிகளின் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைத்து ஒரு மெஷ் எழுந்தது. அதுதான் பின்னர் ஏர்ஜல்தி ஆனது. அங்கே எதிரி குரங்கு. ஆன்டெனாவைப் பிடித்துத் தொங்கும், கேபிளைக் கடிக்கும். குரங்கின் எடையைத் தாங்கும்படி ஆன்டெனா செய்ய வேண்டியிருந்தது. அதே காலத்தில் நம் தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துப் பார்வை மையங்களை நீண்டதூர வைஃபை வழியாக இணைத்தது. எரிக் ப்ரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழு உடன் நின்றது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்தார். இது மெஷ் அல்ல, புள்ளிக்குப் புள்ளி இணைப்பு. பாடம் ஒன்றுதான்.

இந்த இரண்டு வலைகளையும் சேர்த்து அந்தக் குழு 2008-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ரேடியோ அலைச் சிக்கலைத் தீர்த்துவிட்டோம், அதன் பிறகும் வலை விழுகிறதே, ஏன் என்பதுதான் அதன் கேள்வி. விடை: கரன்ட். வோல்டேஜ் எகிறி போர்டுகள் பொசுங்கின. அதைவிடத் தொல்லை, வோல்டேஜ் பாதியாகக் குறைந்து, ரூட்டர் சாகாமலும் பிழைக்காமலும் தொங்கி நிற்பது. திடீரென்று அணைந்ததில் மெமரி கார்டில் எழுத்துகள் குழம்பின. குறைந்த வோல்டேஜில் தானே துண்டித்துக்கொள்ளும் சுற்று, தொங்கினால் தட்டி எழுப்பும் வாட்ச்டாக், எழுத முடியாத மெமரி என்று மருந்துகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் ஊழியர்களே பழுது பார்க்கப் பழகிய பிறகுதான் வலை நின்றது.

வடசென்னையில் மெஷ் வைப்பதைப் பற்றிப் பேசும் யாரும் ரேடியோ பிராண்டில் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எந்தப் பெட்டி என்பது மூன்றாவது கேள்வி. எந்த மாடியில் பேட்டரி, யார் கையில் சாவி என்பவை முதல் இரண்டும். ஐஸ் பேக்டரி, ஏலக்கூடம், மாநகராட்சிப் பள்ளி, கோயில், தேவாலயம் ஆகியவையே இந்தக் கரையில் உயரமும் உறுதியும் ஆள்நடமாட்டமும் உள்ள கட்டடங்கள். நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியில் துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து மெஷ் போட்டார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது அந்த வலை நின்றது. மீட்புக்கு வந்த மத்திய அரசு அமைப்பு தன் சாட்டிலைட் இணைப்பை அதில் சொருகிக்கொண்டது. மெஷ்ஷின் இன்னொரு குணம் அது: வெளியுலகுக்கு ஒரே ஒரு வாசல் கிடைத்தாலும் எல்லா நோடுக்கும் அது வாசல்.

கடலுக்குள்ளும் இது போயிருக்கிறது. கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழகம் ‘ஓஷன்நெட்’ என்ற பெயரில் மீன்பிடிப் படகுகளில் நீண்டதூர வைஃபை வைத்து, கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பேசிக் காட்டியது. கரைக்கு எட்டாத படகு, எட்டும் படகின் வழியாகப் பேசும். 2017 ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்களுக்கு ஆழ்கடலில் எச்சரிக்கை போய்ச் சேராத கொடுமைக்குப் பிறகு, படகுகளுக்கு இஸ்ரோவின் சாட்டிலைட் டிரான்ஸ்பாண்டர் வந்தது. காசிமேட்டு விசைப்படகுக்கு அது பொருத்தம். கரையோரம் போய் வரும் ஃபைபர் படகுக்கு?

மதிலுக்கு வெளியே

ஃபைபர் படகுக்குக் குறைந்த செலவில் ஒரு விடை உண்டு. 2020-ல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருள், கையடக்க லோரா ரேடியோக்களை மெஷ்ஷாகக் கோக்கிறது. இந்தியாவில் 865-ல் பேசும். போனோடு புளூடூத்தில் இணையும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம். மூன்று தாவல் வழக்கம், ஏழுவரை நீட்டலாம். திறந்த வெளியில் சில கிலோமீட்டர் எட்டும். கடல்மேல் இன்னும் கூடுதலாக. வேகம்தான் பரிதாபம்: வழக்கமான அமைப்பில் நொடிக்கு ஆயிரம் பிட்டுக்குச் சற்று மேல். குரல் போகாது, படம் போகாது. எழுத்து மட்டும், அதுவும் ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட். தமிழுக்கு இதில் கொஞ்சம் நட்டம். ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுக்கும் இடத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனி மூன்று. ‘அமோனியா கசிவு. தெற்கே போங்க’ என்ற செய்தி 73 பைட். தாராளமாக இடமிருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டுக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களுக்கு எச்சரிக்கை மூக்கு வழியாகத்தான் வந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவுசெய்தது, வரம்பு 400.

ரசாயன ஆலைகளுக்குள் இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. அழுத்தமானியும் வாயு உணரியும் மெஷ்ஷாகப் பேசிக்கொள்வதற்கான வயர்லெஸ்ஹார்ட் தரம் 2007-ல் வந்தது, 2010-ல் உலகத் தரமானது. தீப்பிடிக்கும் வாயு உள்ள இடத்தில் வைக்கும் கருவிக்கு வெடிப்புத் தடுப்புச் சான்று வேண்டும் என்பது முதல் எல்லாவற்றுக்கும் நெறி உண்டு. உணரி கண்டது கட்டுப்பாட்டு அறைக்கு நொடிகளில் போய்விடும். மதிலோடு நின்றும்விடும்.

அதை மதிலுக்கு வெளியே கொண்டுவருவது எலக்ட்ரீஷியன் வேலை. வாயு அலாரம் பேனல்களில் ரிலே முனை வழக்கமாகவே இருக்கும். சைரன் இணைக்கும் அதே இரண்டு கம்பி. ஆபத்தான பகுதிக்கு வெளியே, மதிலோரம் ஒரு லோரா நோடை அதோடு இணைத்தால் நெட்டுக்குப்பத்திலும் சிவன்படைக் குப்பத்திலும் சைரன் அலறும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் சேர்த்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் போனில் எழுத்து வரும். ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள், பெரு விபத்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்ட மக்களுக்குத் தகவல் தர வேண்டும் என்கின்றன. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடுகின்றன. எண்ணூர் சென்னை மாவட்டம். ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் அத்திப்பட்டு, வல்லூர் எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். 865 மெகாஹெர்ட்ஸ் அலை ஆற்றை நொடியில் கடக்கும்; அனுமதிக் கடிதம் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு எழுத வேண்டும்.